60 கிலோ சர்வோ தேவையா? ராக் கிராலரின் ஸ்டீயரிங் பற்றி ஒரு விரிவான பதில்

ராக் கிராலர் என்பது பாறைமேல் ஏறி ஓட்டும் ரிமோட் கார்; சர்வோ என்பது அதன் முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்ப் பெட்டி. கேள்வி இதுதான்: "1/10 அளவு ராக் கிராலர் வைத்திருக்கிறேன். எடை ஏறத்தாழ 3 கிலோ. 1.9 அங்குலச் சக்கரம், 3 செல் லைபோ பேட்டரி. சமதரையில் நன்றாகத் திரும்புகிறது. பாறை இடுக்கில் டயர் மாட்டிக்கொண்டால் மட்டும் ஸ்டீயரிங் அசைய மறுக்கிறது. 60 கிலோ சர்வோ வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடுமா? 25 கிலோவே போதும் என்று சிலர் சொல்கிறார்களே?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டிக்கு 25 கிலோ போதும். 35 இருந்தால் தாராளம். ஆனால் அந்த 25, டயர் இடுக்கில் மாட்டிய அந்தக் கணத்தில், உங்கள் வண்டி கொடுக்கும் மின்சாரத்தில், உண்மையாகவே கிடைக்க வேண்டும். பெட்டியில் 60 என்று அச்சிட்ட சர்வோ அந்த நேரத்தில் 20 மட்டுமே கொடுப்பது நடக்கக்கூடியதுதான். அதனால் எந்த சர்வோ என்று தேடுவதற்கு முன், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரப்போகிறது, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதை முடிவு செய்யுங்கள். சர்வோவைத் தேர்ந்தெடுப்பது அதன் பிறகு எளிது.

"25 கிலோ" என்று பேச்சுவழக்கில் சொல்வது 25 கிலோ-செ.மீ. முறுக்குவிசையை. சர்வோ அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 25 கிலோ எடையைத் தொங்கவிட்டால், அதற்கு மேல் தூக்க முடியாமல் நின்றுவிடும் நிலை அது. 2 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 12.5 கிலோ. சில நிறுவனங்கள் அவுன்ஸ்-அங்குலத்தில் அச்சிடுவார்கள், 1 கிலோ-செ.மீ. என்பது ஏறத்தாழ 13.9 அவுன்ஸ்-அங்குலம். பல டிராக்ஸாஸ் வண்டிகளில் கூடவே வரும் 2075 எண் சர்வோவுக்கு 125 அவுன்ஸ்-அங்குலம் என்று போட்டிருக்கும். அதாவது வெறும் 9 கிலோ-செ.மீ. வண்டியோடு வரும் சர்வோ பாறையில் ஏன் திணறுகிறது என்பதற்கு இதுவே பாதி விடை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சிட்ட எண், சர்வோ நகர்ந்துகொண்டிருக்கும்போது தருவது அல்ல. நின்றுபோகும் புள்ளியில் தருவது. அந்தப் புள்ளியில்தான் அது மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். பந்தயக் கார் சர்வோ அந்த நிலைக்கு அரிதாகத்தான் போகும். கிராலர் சர்வோ ஒவ்வொரு பாறையிலும் போகும். கார் சர்வோவுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பல இங்கே பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 3 கிலோ வண்டியில் முன் அச்சின் மேல் 1.8 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராலரில் முன் அச்சின் இரண்டு சக்கரங்களும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். சாதாரணக் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு சக்கரம் சற்று முன்னும் மற்றது சற்றுப் பின்னும் உருண்டு இடம் கொடுக்கும். பூட்டிய அச்சில் அதற்கு வழியில்லை. டயர் தரையோடு தேய்ந்துதான் திரும்ப வேண்டும். கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கான ஊசி) அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் இடையே உள்ள தூரம் 2.5 செ.மீ. என்றும், காய்ந்த பாறையில் மென்மையான ரப்பரின் உராய்வுக் குணகம் 1 என்றும் எடுத்துக்கொண்டால், 1.8 × 1 × 2.5 = 4.5 கிலோ-செ.மீ. சமதரையில் உங்கள் வண்டி சிரமமில்லாமல் திரும்புவது இதனால்தான். நல்ல நிலையில் உள்ள எந்தச் சாதாரண சர்வோவும் இதைச் செய்துவிடும்.

இடுக்கில் கதை வேறு. 1.9 அங்குலச் சக்கரத்துக்குப் போடும் டயரின் விட்டம் ஏறத்தாழ 12 செ.மீ. அதன் முன் விளிம்பு கிங்பின்னிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருக்கிறது. அந்த விளிம்பு பாறைச் சுவரில் முட்டி நிற்கும்போது 25 கிலோ-செ.மீ. முறுக்குவிசை கிடைத்தால், டயர் பாறையை 4 கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு தள்ளும். வண்டியின் மொத்த எடையே 3 கிலோதான். ஆக, டயர் திரும்பும், அல்லது வண்டியின் மூக்கே பக்கவாட்டில் நகரும். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் இடுக்கிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். 60 கிலோ-செ.மீ. கொடுத்தால் என்ன ஆகும்? 10 கிலோ விசை. அதை வாங்கிக்கொள்ள அந்த எடையில் வண்டி இல்லை. டயர் எங்கும் நகர முடியாத அளவுக்கு இறுக மாட்டியிருந்தால் மவுன்ட் (சர்வோவைப் பிடிக்கும் தாங்கி) வளையும், டை ராட் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) வளையும், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) உடையும்.

இந்தக் கணக்கில் சில இழப்புகளைச் சேர்க்க வேண்டும். சர்வோ ஹார்ன் (சர்வோ அச்சில் மாட்டும் கை) 2.4 செ.மீ., நக்கிளின் கை 2 செ.மீ. என்றால் நக்கிளுக்குப் போய்ச் சேர்வது 83 சதவீதம்தான். ஹார்னை நக்கிளோடு இணைக்கும் டிராக் லிங்க் சாய்வாக இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். மூட்டுகளின் உராய்வு, லிங்க் முனைகளின் பந்து மூட்டுகளான பால் எண்டுகளில் ஏறிய மணல், எல்லாம் தம் பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 25 போதும் என்றாலும் 35 வரை போகலாம் என்கிறேன். 2.2 அங்குலச் சக்கரம், உள்ளே பித்தளை எடைகள், ஒட்டும் தன்மையுள்ள போட்டி டயர், நான்கைந்து கிலோ எடை என்று இருக்கும் வண்டிக்கு 40, 50 என்று போவது நியாயம். 1.55 அங்குலச் சக்கரமுள்ள இலேசான வண்டிக்கு 15 முதல் 20 கிலோவுக்கு மேல் போவது வீண்.

இனி அச்சிட்ட எண்ணுக்கு வருவோம். நின்றுபோகும் புள்ளியில் சர்வோ தரும் முறுக்குவிசை, கொடுக்கும் வோல்டேஜுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். "35 கிலோ" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, "8.4 வோல்ட்டில்" என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதே சர்வோவுக்கு 6 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது 25. சுமை ஏறும்போது அந்த 6 வோல்ட் 5 வோல்ட்டாகச் சரிந்தால் 21. இது சர்வோவின் குற்றமல்ல. ஆனால் 35க்குப் பணம் கொடுத்தவர் 21ஐ ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

எண்ணே பொய்யாக இருக்குமா என்றால், இருக்கும். நிறைய இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிறிய கணக்கு போதும். கிலோ-செ.மீ. எண்ணை, 60 பாகை திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தால் வகுத்து, பிறகு 10ஆல் வகுத்தால், நின்றுபோகும் நிலையில் அந்த சர்வோ இழுக்க வேண்டிய மின்திறன் ஏறத்தாழ வாட்டில் வந்துவிடும். அதை வோல்ட்டால் வகுத்தால், குறைந்தபட்சம் எத்தனை ஆம்பியர் என்பது தெரியும். கியர்களில் இழப்பே இல்லாத, குறையே இல்லாத மோட்டாருக்கான எண் இது. உண்மையான சர்வோ இதைவிட அதிகமாகத்தான் இழுக்கும், குறைவாக இழுக்கவே முடியாது. ஓர் எடுத்துக்காட்டு: 7.4 வோல்ட்டில் 45 கிலோ, 0.10 வினாடி, நின்றுபோகும்போது 3 ஆம்பியர் என்று விளம்பரம் சொல்கிறது. 45ஐ 0.10ஆல் வகுத்தால் 450, பத்தில் ஒன்று 45 வாட். 7.4ஆல் வகுத்தால் 6 ஆம்பியருக்கு மேல். 3 ஆம்பியர் என்பது நடக்காத காரியம். முறுக்குவிசை பொய், அல்லது வேகம் பொய், அல்லது ஆம்பியர் பொய். எது பொய்யானாலும் அந்த சர்வோவை விட்டுவிடுங்கள். ஆம்பியர் எண்ணையே அச்சிடாத நிறுவனத்திடம் நான் வாங்குவதில்லை; அதைச் சொல்லாமல் எவராலும் சரியான மின்சார ஏற்பாட்டைச் செய்ய முடியாது.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டும்: வேகத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை. ஒரே முறுக்குவிசைக்கு 0.20 வினாடி சர்வோவைவிட 0.10 வினாடி சர்வோ இரண்டு மடங்கு மின்சாரம் கேட்கும். பாறை ஏறும் வண்டிக்கு 0.15 முதல் 0.20 வினாடி தாராளமாகப் போதும். வேகமான சர்வோவை எவராவது கிராலருக்குப் பரிந்துரைத்தால் கேட்க வேண்டாம். வேண்டியது நிதானமான, அலைபாயாத அசைவு.

இப்போது மின்சாரம். பெரும்பாலான வண்டிகளில் சர்வோவுக்கான மின்சாரம், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யின் உள்ளே இருக்கும் பி.இ.சி. என்ற சுற்றிலிருந்து வருகிறது. பேட்டரியின் 11, 12 வோல்ட்டை அது 6 வோல்ட் அளவுக்குக் குறைத்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குத் தரும். ரிசீவரின் வழியாக சர்வோவுக்குப் போகும். இந்தச் சுற்று பலவற்றில் 2 அல்லது 3 ஆம்பியர்தான் தரும். 8.4 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் நடுத்தர சர்வோ, 6 வோல்ட்டிலேயே 3.6 ஆம்பியர் கேட்கும். அதற்கே இங்கே வழியில்லை. 60 கிலோ சர்வோவின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பழைய மலிவான இ.எஸ்.சி. சிலவற்றில் பி.இ.சி. மிகுதி வோல்ட்டை வெறும் வெப்பமாக எரிக்கும் வகையைச் சேர்ந்தது. 12.6 வோல்ட்டை 6 ஆக்கி 2 ஆம்பியர் கொடுத்தால் 13 வாட் வெப்பம் அந்தச் சிறிய பெட்டிக்குள் சேரும். 3 செல் பேட்டரியோடு அதை நம்பக் கூடாது.

மின்சாரம் போதாதபோது என்ன நடக்கும்? சர்வோ பலவீனமாகத் திரும்பும் என்பதோடு நிற்பதில்லை. ரிசீவரும் அதே மின்சாரத்தில்தான் உயிர்வாழ்கிறது. வோல்ட் ஓர் அளவுக்குக் கீழே போனால் ரிசீவர் அணைந்து மறுபடி தொடங்கும். அந்த ஒரு நொடியில் மோட்டாரும் நின்றுவிடும், ஸ்டீயரிங்கும் நின்றுவிடும், செங்குத்துப் பாறையில் வண்டி பின்னால் உருளும். விளக்கு வைத்திருப்பவர்கள் இதை எளிதில் கண்டுகொள்ளலாம்: ஸ்டீயரிங்கை அழுத்தும்போது விளக்குகள் மங்கும். உங்கள் வண்டியில் இந்த அடையாளங்கள் இருந்தால், சிக்கல் சர்வோவில் இல்லாமலே இருக்கலாம். சோதிப்பது எளிது. ரிசீவரில் காலியாக உள்ள ஒரு சேனலில் வோல்ட் மீட்டரைச் செருகி, முன் டயரை இரண்டு கற்களுக்கு நடுவே நெருக்கி வைத்து, ஸ்டீயரிங்கை ஓர் ஓரத்துக்கு இரண்டு நொடி மட்டும் அழுத்திப் பாருங்கள். 6 வோல்ட் 5.7 ஆனால் பரவாயில்லை. 4.5க்கு விழுந்தால் புதிய பெரிய சர்வோ நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

பலர் இதற்கு மின்தேக்கி ஒன்றை ரிசீவரில் செருகச் சொல்வார்கள். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இந்த நம்பிக்கை போவதில்லை. 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 1 வோல்ட் சரிய இடம் கொடுத்து, பற்றாக்குறை 3 ஆம்பியர் என்றால், அது தாங்கும் நேரம் 1.6 மில்லிவினாடி. சர்வோ சட்டென்று கிளம்பும் கணத்தின் துடிப்பை அது சமாளிக்கும். டயர் இடுக்கில் மாட்டி இரண்டு நொடி திணறும்போது அதனால் ஒன்றும் ஆகாது.

உண்மையான தீர்வுகள் இரண்டு. ஒன்று, தனி பி.இ.சி. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து 6, 7.4, 8.4 வோல்ட் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் அளவில், 8 அல்லது 10 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடிய தனிச் சுற்று. இதை நேராக ரிசீவரில் செருகினால் இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் கம்பியின் சிவப்பு இழையைக் கழற்றி, முனையை மூடிவிட வேண்டும். இரண்டு சுற்றுகள் ஒரே இடத்தில் மோதக் கூடாது. ஆனால் நான் விரும்புவது வேறு வழி. ரிசீவரை இ.எஸ்.சி.யின் மின்சாரத்திலேயே விட்டுவிட்டு, சர்வோவின் சிவப்பு, கறுப்பு இழைகளை மட்டும் தனி பி.இ.சி.யோடு இணைத்து, சிக்னல் இழையை ரிசீவருக்குக் கொண்டுபோவது. கறுப்பு இழை மட்டும் ரிசீவரோடும் பொதுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சர்வோ கண்டபடி துள்ளும். இந்த ஏற்பாட்டில் பெரிய மின்னோட்டம் ரிசீவரின் மெல்லிய ஊசிகள் வழியாகப் போவதில்லை. ரிசீவர் 6 வோல்ட்டைத் தாண்டித் தாங்காத வகையாக இருந்தாலும் சர்வோவுக்கு 8.4 கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வோ எவ்வளவு திணறினாலும் ரிசீவர் அணையாது.

காசில் (Castle) நிறுவனத்தின் பி.இ.சி. வாங்குபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: அது தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 5 வோல்ட் என்று அமைக்கப்பட்டே வரும். கணினியோடு இணைத்து மாற்றாவிட்டால், புதிய சர்வோ பழையதைவிடப் பலவீனமாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவது தீர்வு, பேட்டரியோடு நேரடியாக இணையும் சர்வோ. இதன் பெரிய இழைகள் பேட்டரிக்குப் போகும். சிக்னலும் கறுப்பும் மட்டும் ரிசீவருக்கு. நடுவில் எந்தச் சுற்றும் இல்லாததால் மின்சாரப் பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. 3 செல் பேட்டரி வைத்திருக்கும் உங்களுக்கு இது மிகப் பொருத்தம், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. முழுதாக ஏற்றிய 3 செல் லைபோவின் வோல்டேஜ் 12.6. "உயர் வோல்டேஜ்" என்று பெயர் போட்ட சர்வோக்களில் பெரும்பாலானவற்றின் எல்லை 8.4 வோல்ட், அது 2 செல்லுக்கான எண். அந்தப் பெயரை நம்பி 3 செல்லோடு இணைத்தால் சர்வோ அங்கேயே புகைந்துவிடும். 12.6 அல்லது அதற்கு மேல் என்று எண்ணாகவே அச்சிட்டிருக்க வேண்டும். ஒரு செல்லுக்கு 4.35 வோல்ட் ஏறும் உயர் வோல்டேஜ் லைபோவை 2 செல்லாகப் பயன்படுத்தினால்கூட 8.7 ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று: இ.எஸ்.சி.யை அணைத்தாலும் இந்த சர்வோ பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். இ.எஸ்.சி.யின் குறை-வோல்டேஜ் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றுவதைக் கட்டாயமாக்குங்கள். வண்டியில் விஞ்சு (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) இருந்தால் அதையும் ரிசீவரின் மின்சாரத்தில் தொங்கவிட வேண்டாம். ஸ்டீயரிங்கும் விஞ்சும் ஒரே நேரத்தில் திணறும் இடங்களில்தான் விஞ்சு தேவைப்படும்.

மோட்டார் வகை பற்றி நிறையப் பேசுவார்கள். சுழலும் பகுதியில் இரும்பு இல்லாத கோர்லெஸ் மோட்டார் சட்டென்று கிளம்பும், மென்மையாக ஓடும். ஆனால் அதன் மெல்லிய கம்பிச்சுற்று வெப்பத்தை நெடுநேரம் தாங்காது. பிரஷ்லெஸ் மோட்டாரில் தேய்ந்துபோகும் கரித்துண்டுகள் இல்லை, சுற்று வெளிப்புறக் கூட்டை ஒட்டியிருப்பதால் வெப்பமும் எளிதில் வெளியேறும். நின்று திணறும் வேலைக்கு பிரஷ்லெஸ்தான் நீடிக்கும் என்பது என் கருத்து. அதைவிட முக்கியம், சர்வோவின் நடுப்பகுதி அலுமினியமாக இருப்பது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்ட வெப்பம் மோட்டாரையும் எலெக்ட்ரானிக்ஸையும் சேர்த்தே கொல்லும். கியர்கள் எஃகு போதும். டைட்டானியம் நல்லதுதான், அதற்காகத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது, எல்லாக் கியர்களும் உலோகமா என்பது. முதல் கியரை மட்டும் பிளாஸ்டிக்கில் வைத்துவிட்டு "உலோகக் கியர்" என்று விற்கும் சர்வோக்கள் உண்டு. ஓடை, சேறு என்று ஓட்டுவீர்கள் என்றால் ஐ.பி.67 தரம் தேடுங்கள். தூசி நுழையாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள்.

அளவு. 1/10 வண்டிகள் பெரும்பாலும் ஏறத்தாழ 40 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் உள்ள சாதாரண அளவு சர்வோவை ஏற்கும். உயரம்தான் மாறும், பெரிய மோட்டார் உள்ளவை சில மி.மீ. உயரமாக இருந்து, ஷாக் அல்லது பேட்டரித் தட்டில் இடிக்கும். வாங்கும் முன் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். கையடக்கமான 1/24, 1/18 வண்டிகளுக்கு மைக்ரோ சர்வோ என்பது தனி உலகம், இங்கே சொன்ன எண்கள் அங்கே செல்லாது.

ஹார்ன் பொருந்துவது அச்சின் பற்களைப் பொறுத்தது. ஃபுடாபா, சாவாக்ஸ் உள்ளிட்ட பலருக்கு 25 பற்கள், ஹைடெக்கின் பழைய மாடல்களுக்கு 24, சன்வா, கே.ஓ. போன்றவற்றுக்கு 23. ஒரு பல் வித்தியாசம் என்று அடித்து ஏற்றினால் சர்வோவின் அச்சும் போகும், ஹார்னும் போகும். கிராலரில் சர்வோ சேவர், அதாவது அதிர்ச்சியைத் தாங்க வளைந்துகொடுக்கும் ஹார்ன், கூடாது. சுருள்வில்லோ பிளாஸ்டிக்கோ வளைந்து கொடுத்தால், நீங்கள் வாங்கிய முறுக்குவிசை டயருக்குப் போகாமல் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும். அலுமினிய ஹார்ன், அதுவும் பக்கவாட்டில் ஸ்குரு போட்டு அச்சை நெருக்கிப் பிடிக்கும் வகை, நன்றாக நிற்கும். நடு ஸ்குருவுக்கு நீல நிற திரெட்லாக் பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக் பாகங்களில் அது படக் கூடாது; பிளாஸ்டிக்கில் அது விரிசல் விழச் செய்யும்.

ஹார்னின் எந்தத் துளையில் லிங்க்கை மாட்டுவது என்பது, பலர் கவனிக்காத, செலவே இல்லாத வழி. 35 கிலோ-செ.மீ. சர்வோ 2.5 செ.மீ. துளையில் 14 கிலோ விசை தரும், 2 செ.மீ. துளையில் 17.5 கிலோ. சக்கரம் முழு வெட்டுக்கு, அதாவது ஓரம் வரை, போகிறது என்னும்வரை உட்துளைக்கு வாருங்கள். உட்துளைக்கு வந்ததும் முழு வெட்டு குறைந்தால், ஒரு துளை வெளியே போங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஹார்ன் லிங்க்குக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் பலமாகவும் மறுபக்கம் சோம்பலாகவும் திரும்பும்.

மவுன்ட் பற்றி இதைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டீயரிங்கை அழுத்தும்போது சர்வோவின் உடலையே கண்ணால் பாருங்கள். டயர் நிற்க, சர்வோ ஆடினால், பிளாஸ்டிக் மவுன்ட் உங்கள் பலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அலுமினிய மவுன்ட் மாற்றிய பிறகு பழைய சர்வோவே போதும் என்று தெரிய வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். சர்வோ முன் சக்கரங்களின் அச்சின் மேலேயே இருந்தால் லிங்க் நேராக இருக்கும், எடையும் கீழே இருக்கும். சேசிஸில் இருந்தால், டிராக் லிங்க்கும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடும் ஒரே நீளத்தில் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். தவறினால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். இது சர்வோவின் கோளாறு போலத் தோன்றும், ஆனால் இல்லை.

வாங்குவதற்கு முன் இன்னொரு சோதனை. லிங்க்கைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரங்களையும் கையால் ஓரம் முதல் ஓரம் வரை திருப்பிப் பாருங்கள். விரலாலேயே திரும்ப வேண்டும். எங்காவது இறுகினால், கிங்பின் ஸ்குரு மிகை இறுக்கமாகவோ, புஷ்ஷில் மணல் ஏறியோ, முழு வெட்டில் அச்சின் யுனிவர்சல் மூட்டு முட்டியோ இருக்கும். இந்த இறுக்கத்தோடு 60 கிலோ சர்வோவைப் போடுவது, இறுக்கத்தை வன்முறையால் உடைப்பதுதான்.

கடைசியாக அமைப்பு. சர்வோவின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். ஹார்னை மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, டிரிம்மை (நடுநிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பு) சுழியத்தில் வைத்து, சர்வோ நடுவுக்கு வந்த பிறகு ஹார்னைச் செருகுங்கள். மீதி ஓரிரு பாகை வித்தியாசத்தை சப்-டிரிம்மில் சரிசெய்யலாம். எண்ட் பாயிண்டை (சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லை) இரு பக்கமும் மிகக் குறைத்து வைத்துத் தொடங்கி, நக்கிள் அதன் தடுப்பைத் தொடும்வரை சிறிது சிறிதாக ஏற்றி, தொட்டதும் இரண்டு மூன்று எண்கள் பின்வாங்குங்கள். இடமும் வலமும் ஒரே எண்ணில் வராது, அது இயல்பு. பிறகு சஸ்பென்ஷனை ஒரு பக்கம் முழுதாக நெருக்கி, மறுபக்கம் முழுதாகத் தொங்கவிட்டு, மறுபடி ஓரம் வரை திருப்பிப் பாருங்கள். டயர் லிங்க்கிலோ பம்பரிலோ உரசினால் இன்னும் குறைக்க வேண்டும். எண்ட் பாயிண்ட் மிகுந்திருந்தால், நீங்கள் வெறுமனே வளைவில் ஓட்டும்போதுகூட சர்வோ தன் முழு பலத்தோடு தடுப்பை முட்டிக்கொண்டு, உச்ச மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓரத்தில் ரீங்காரச் சத்தம் கேட்டால் அதுதான் அடையாளம்.

முதல் ஓட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி சர்வோவைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, எண்ட் பாயிண்டையும் மூட்டுகளின் இறுக்கத்தையும் வோல்டேஜையும், இந்த வரிசையிலேயே, மறுபடி பார்த்துவிட்டுத்தான் பாறைக்குத் திரும்ப வேண்டும்.